ஹெல்மெட் போட்ட டயாலிசிஸ் வண்டி

ஊரடங்கு அறிவித்த மாலை, கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆளாளுக்கு அரிசிக்கும் எண்ணெய்க்கும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அரிசி பற்றிய கவலை இல்லை. மறுநாள் காலை நான் மாதவரம் பக்கம் உள்ள டயாலிசிஸ் மையத்துக்குப் போயாக வேண்டும். ரயில் இல்லை, பஸ் இல்லை, மாவட்ட எல்லையில் தடுப்பு.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, உடம்பில் சேரும் தண்ணீரையும் கழிவையும் ஓர் இயந்திரம்தான் எடுக்க வேண்டும். கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை ஒரு குழாயில் வெளியே இழுத்து, சலித்து, மறு குழாயில் உள்ளே அனுப்புவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், அரைப் பகல் வேலை. தவறினால் தண்ணீர் போக இடமில்லாமல் நுரையீரலில் ஏறும். பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடும். முன்னறிவிப்பு எதுவும் தராது.

நான் இங்குள்ள ஓர் இரும்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வெல்டிங் பொறியைக்கூடப் பறக்க விட்டதில்லை. தொழிலாளிகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'பர்மிட்'. அப்படிப்பட்டவன் என்ன செய்வான்? முறைப்படி இ-பாஸுக்கு விண்ணப்பித்தேன். மருத்துவம் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, சான்றுகளை இணைத்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். முதல் விண்ணப்பம் காரணம் சொல்லாமல் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது ஏற்றுக்கொள்ளப்பட்டது. எந்த நாளுக்குக் கேட்டேனோ அந்த நாள் முடிந்த மறுநாள் அது வந்தது. தேதி மாற்றமில்லை.

எனக்கு வழிகாட்டியவள் ஸ்டெல்லா. கவரைப்பேட்டைக்காரி, உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவள், என் மகள் வயது. மையத்தில் என் பக்கத்துப் படுக்கை. அதுவரை நாங்கள் 'வணக்கம்' தாண்டிப் பேசியதில்லை. அன்று போன் செய்தாள்.

"சார், கம்பெனி வேனை எவனும் நிறுத்த மாட்டேன்றான். ஆளுங்க தலையில ஹெல்மெட்ட பாத்தா போ போன்றான். நாமளும் கம்பெனி ஆளுங்களா போய்டலாம்."

"அது பொய் இல்லையா?"

"நாலு நாள் போனா பொய் சொல்றதுக்கும் ஆளு இருக்க மாட்டோம் சார்."

அவளுக்குத் தெரிந்த மணி, ஆலைத் தொழிலாளிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்த வேன் ஓட்டுகிறவன். ஷிப்டுக்கு ஆள் இறக்கிய பிறகு வேன் காலி. கண்ணாடியில் 'அத்தியாவசியப் பணி' என்று ஒட்டியிருந்தது. என் பரணில் பழைய ஹெல்மெட்டுகள் கிடந்தன. மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவர் காதர் பாய், பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி. தச்சூர் கூட்டு ரோடு வரை மருமகன் பைக்கில் கொண்டுவந்து விடுவார். பாய் கடைச் சரக்கில் ஒரு துண்டுகூட அவர் வாயில் வைக்கக் கூடாது. உப்பு எங்களுக்கு விஷம். அதைச் சொல்லியே அவர் சிரிப்பார்.

இப்படி, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் ஊசி வடுக்களுமாக, ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் உட்கார்ந்து, தேசத்தின் உற்பத்தியைக் காப்பாற்றப் போகிறவர்களைப் போல நாங்கள் போய்வந்தோம். போலீஸ்காரர்கள் சில நாள் சல்யூட்கூட அடித்தார்கள். என் பணிக்காலத்தில் யாரும் அடித்ததில்லை.

ஒரு காலையில் எழுந்தபோது உடம்பு லேசாகச் சுட்டது. ஊசி குத்தும் இடத்தில் வலி. வசந்தா, என் மனைவி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையில் கூடுதலாக ஒரு சட்டையும் வேட்டியும் வைத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். பயத்தை மடித்து வைத்துவிடுவாள்.

அன்று பார்த்து, செங்குன்றம் தாண்டிய சோதனைச் சாவடியில் வெப்பமானியோடு நின்றிருந்தார்கள். தொழிற்சாலைகளில் தொற்று பரவுவதாகப் புது உத்தரவாம். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டினார்கள். பாய்க்குப் பச்சை. ஸ்டெல்லாவுக்குப் பச்சை. எனக்குச் சிவப்பு.

"எறங்கு பெருசு. இன்னா வேலை உனக்கு?"

"சேஃப்டி ஆபீசர்."

"இவங்கள்லாம் உங்கூட வேலை செய்யறவங்களா?"

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நோயுள்ளவனோடு தொடர்பில் இருந்தவர்கள் எல்லாரும் அவனோடேயே கொண்டுபோகப்படுவார்கள், அதுதான் முறை. பாயின் முகம் ஏற்கெனவே உப்பியிருந்தது. ஸ்டெல்லா வேனில் ஏறும்போதே மூச்சு வாங்கினாள்.

"இல்ல சார். வழியில கைகாட்டி ஏறினேன். இவங்க வேற கம்பெனி."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மணியிடம், "போப்பா, இவங்களுக்கு நேரமாகுது" என்றேன். ஸ்டெல்லா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் நகர்ந்தது. அதில் என் பை போனது. பையில் என் போன், மருத்துவக் கோப்பு, கண்ணாடி. அது உறைக்கும்போது வேன் வளைவில் மறைந்துவிட்டது.

என்னை ஒரு பொறியியல் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் கண்ட தொழிலாளிகளைப் பரிசோதனை முடிவு வரும்வரை வைத்திருக்கும் இடம். மூக்கிலும் தொண்டையிலும் நீளக் குச்சியை விட்டுச் சளி எடுத்தார்கள். அதைச் சோதித்துக் கிருமி இருக்கிறதா என்று சொல்ல மறுநாளாகும், அதற்கு மறுநாளும் ஆகலாம். வாசலிலேயே சொன்னேன்: "நான் ஓய்வுபெற்றவன். சிறுநீரக நோயாளி. இன்று எனக்கு டயாலிசிஸ்." பெயர் எழுதிக்கொண்டவர் என் தலையைப் பார்த்தார். ஹெல்மெட் அங்கேயே இருந்தது.

"இங்க வர்ற எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்க சார். நேத்து ஒருத்தர் ஹார்ட்டுன்னாரு. காலையில பாத்தா செவுரு ஏறிக் குதிச்சுட்டாரு."

பெரிய கூடம். வரிசையாகக் கட்டில்கள். பெரும்பாலும் வடமாநிலத்து இளைஞர்கள். போனில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். எனக்குத்தான் போன் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று, ஆலையின் தீயணைப்பு அறை எண். பக்கத்துக் கட்டிலில் ரமணய்யா, ஆரம்பாக்கம் பக்கத்து கிரேன் ஆபரேட்டர். ஐம்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து என்னைக் கவனித்துக்கொள்வதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

அங்கே எல்லாருக்கும் மருந்து ஒன்றே: தண்ணீர். காலையில் கபசுரக் குடிநீர், பிறகு வெந்நீர், பிறகு எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம், ஆரஞ்சு. எவரோ நல்ல மனிதர் ஒரு வண்டி இளநீர் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் எனக்கு எமன். பழத்திலும் இளநீரிலும் அந்தப் பொட்டாசியம், மற்றதெல்லாம் தண்ணீர். உலகமே கருணையோடு என்னைக் கொல்ல வரிசையில் நின்றது.

"இன்னா சார், கசாயத்த மோந்துகூட பாக்க மாட்டேன்றீங்க. கசப்புன்னா மூக்க புட்ச்சிக்கினு குடிங்க."

"எனக்குத் தண்ணி ஆகாது ரமணய்யா. கிட்னி."

"அய்ய நைனா, கிட்னிக்குத்தான் தண்ணி நல்லா குடிக்கணும்! எங்க மச்சானுக்கு கல்லு இருந்துச்சு, டாக்டரே சொன்னாரு."

கல்லும் செயலிழப்பும் வேறு என்று விளக்கினேன். தலையாட்டினார். அரைமணி கழித்து இளநீரோடு வந்தார். "இது தண்ணி இல்ல சார், எளநி."

டாக்டர் மாலையில் வந்தார். வந்தார் என்றால் கதவு வரை. உடல் மூடிய வெள்ளை உடையில், ஒலிபெருக்கியில் பேசினார். கூடத்துக்குள் தேவையில்லாமல் வரக்கூடாது என்பது அவர்களுடைய விதி. சரியான விதி. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். "எல்லாரும் தண்ணி நிறைய குடிங்க. மூச்சு வாங்கினா மட்டும் சொல்லுங்க." நான் கையைத் தூக்கி, "மேடம், நான் டயாலிசிஸ் நோயாளி" என்றேன். இளைஞர்களின் போன் இரைச்சலில் அது எதுவரை போயிற்றோ. "சரிப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று பதில் வந்தது.

அன்று திரும்பும் வழியில் மணி என் பையை விடுதி வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வெளியிலிருந்து வரும் பொருளை ஒரு முழு வெயில் காயவைத்த பிறகே உள்ளே தர வேண்டுமாம். மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தேன். என் மொத்த வரலாறும் கல்லூரிப் படிக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டில் உப்பை ஒதுக்கி, வாயை மட்டும் நனைத்து ஒரு பகலையும் ஓர் இரவையும் தள்ளினேன். மறுநாள் முற்பகலிலேயே படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல. உட்கார்ந்தே இருந்தேன். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தன்னார்வலர் ஒருவர் விரல் நுனியில் கவ்வும் சிறிய கருவியை மாட்டினார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறதென்று அது காட்டும். எண்ணைப் பார்த்ததும் பின்வாங்கினார். "கொறைஞ்சுக்கினே போவுது. கொரோனா நெஞ்சுல எறங்கிடுச்சு போல. பெரிய ஆஸ்பத்திரில பெட் கேக்கறோம். அதுவரைக்கும் சுடுதண்ணி குடிங்க அய்யா."

எனக்கு என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்பதும் வரிசையாகத் தெரியும். தெரியாதவனுக்காவது பிரார்த்தனை செய்யத் தோன்றும். என்னைச் சுற்றி அத்தனை கட்டில்கள், அத்தனை மனிதர்கள். ஒருவர் கை என்மேல் படக்கூடாது என்பது உத்தரவு. வேனைப் போகச் சொன்னது சரிதானா என்று யோசித்துப் பார்த்தேன். சரிதான். ஆனால் சரியான காரியம் செய்துவிட்டுச் சாகிறவனுக்கும் தனியாகத்தான் இருக்கிறது.

சாய்ந்து விழப்போனபோது உத்தரவை மீறி ரமணய்யா ஓடிவந்து என் இடது முன்கையைப் பிடித்துத் தூக்கினார். பிடித்தவர் திடுக்கிட்டுக் கையை உதறினார்.

"இன்னா சார், கைக்குள்ள மோட்டார் வெச்சிக்கினு கீறீங்க?"

சொல்ல மறந்துவிட்டேன். டயாலிசிஸ் ஊசிக்காக முன்கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். ரத்தம் அந்தக் குறுக்குவழியில் பாய்வதால் தோலுக்கடியில் ஓயாமல் ஒரு அதிர்வு இருக்கும். தொட்டால் ஓடுகிற இயந்திரத்தைத் தொட்ட மாதிரி. அதோடு வாழ்ந்து பழகி, அது இருப்பதையே மறந்துவிட்டேன்.

"ரமணய்யா," மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னேன், "டாக்டரை இதைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

கிரேன் மேலிருந்து கீழே இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு. கதவுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய்க் கத்தினார். "மேடம்! மேடம்! இந்தப் பெரியவரு கையில வண்டி ஓடிக்கினு கீது! சீக்கிரமா வந்து தொடுங்க! பேஜாரா பூடும்!"

என்ன உளறல் என்று பார்க்கத்தான் டாக்டர் உள்ளே வந்திருப்பார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மட்டும் தெரிந்தன. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கையை நீட்டினேன். இரட்டைக் கையுறையோடு விரல்களை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"எப்ப கடைசியா பண்ணீங்க?"

சொன்னேன்.

"அய்யோ, ஏம்பா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன் மேடம். ரெஸ்ட் எடுக்கச் சொன்னீங்க."

அவர் மறுகையால் கட்டைவிரல் பக்கம் சிவந்து வீங்கியிருந்த ஊசித் தழும்பை அழுத்தினார். எனக்கு உயிர் போயிற்று. "ஜுரம் இதுலேர்ந்து வருது. இங்கதான் சீழ் பிடிச்சிருக்கு." ஒரு கையால் போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். மறு கை என் முன்கையிலேயே இருந்தது. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. எனக்கு அழுகை வந்தது. மூச்சுத் திணறல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் பையைக் கையில் கொடுத்தார்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது.

சென்னையில் அந்தப் பெரிய அரசு மருத்துவமனையில், பரிசோதனை முடிவு வராத நோயாளிகளுக்கென்று தனி அறையில் ஒரே ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வைத்திருந்தார்கள். டெக்னீஷியன் பெண் சீழ் இல்லாத இடமாகப் பார்த்து ஊசி குத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, வெளியே போய்க் கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இதில் ஓர் ஆபத்து உண்டு: தண்ணீர் வேகமாக இறங்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழும், கூப்பிட வேண்டும் என்று தோன்றுவதற்குள் மயக்கம் வந்துவிடும். அதனால் எப்போதும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அந்த உடையில் அவளால் நெடுநேரம் உள்ளே இருக்க முடியாது. எனவே ஓர் ஏற்பாடு. அவள் கண்ணாடியைத் தட்டுவாள். நான் ஊசியில்லாத கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் ஓடிவருவாள். அரைப் பகல் முழுக்க அவள் தட்டினாள், நான் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை முறை கை தூக்கியதில்லை.

நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்து போனார். அதன் பிறகுதான் போனை எடுத்தேன்.

"பையில சார்ஜர் வெச்சேன், கண்ணாடி வெச்சேன், சட்டை வெச்சேன்," என்றாள் வசந்தா. "எல்லாம் ஒரு எடத்துல இருக்கு, ஆளு மட்டும் வேற எடத்துல. ஸ்டெல்லா போன் பண்ணிச்சு. அங்க படுத்துக்கினே அழுவுது. நான் அந்தக் காலேஜுக்கு எத்தினி வாட்டி போட்டேன் தெரியுமா? லைனே போகல."

"இப்போ பரவாயில்லை."

"ஏதாவது குடிச்சீங்களா?"

"இல்லை."

"சரி." அதன் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. எனக்கு நோய் வந்ததிலிருந்து அவள் என் எதிரில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. சமையலறையில் சத்தம் வராமல் குடிப்பாள். அன்று போனிலும் அப்படித்தான் போலிருக்கிறது. நடுவில் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் வந்தாள். குரல் ஈரமாக இருந்தது.

பரிசோதனை முடிவு வந்தது: கிருமி இல்லை. ஆனால் சீழுக்கு ஊசி மருந்து போட வேண்டும் என்று வார்டில் வைத்துக்கொண்டார்கள். செலவு இல்லை, அரசாங்கம் பார்த்துக்கொண்டது. பார்க்க ஆள் வரக்கூடாது என்பது மட்டும்தான் விலை. எதிர்க்கட்டிலில் இருந்தவர் ஒரு காலையில் இல்லை. அவர் போன் மட்டும் தலையணையடியில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. மற்ற நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுவர் இருந்தது, பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் தகரத் தடுப்பு அடித்து, வாசலில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கிருமி இல்லாதவனுக்கு எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விதி சொல்வார்கள், அது எனக்கும் தெரிந்ததாக இருக்கும். டயாலிசிஸ் மையத்திலிருந்து அழைத்தார்கள். ஆஸ்பத்திரி வார்டில் இருந்துவிட்டு வந்தவர், குறிப்பிட்ட நாள் ஆகும்வரை மற்ற நோயாளிகளோடு ஒரே வண்டியில் வரக்கூடாது. கடைசி ஆளாக, தனி மூலையில்தான் படுக்கை. மறுநாளே முறை வந்தது. வேன் இல்லை. நான் திண்டாடிக்கொண்டிருக்கும்போது காதர் பாய் போன் செய்தார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. வேன்ல உங்கள ஏத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

"தெரியும் பாய். சரியான விதிதான்."

"விதி கெடக்குது. நம்ம கருவாட்டு வண்டி இருக்கு, குட்டியானை. சரக்குன்னு பாஸ் இருக்கு. மருமவன் ஓட்டுவாரு. முன்னாடி நீங்க ஒக்காரக் கூடாது, அவருக்குக் கொழந்தங்க இருக்கு. பின்னாடி சேர் கட்டிக் குடுத்துடறேன். வாடை வரும். பரவாயில்லையா?"

அப்படித்தான் போனேன். இந்த வயதில், குட்டியானையின் திறந்த பின்பக்கத்தில், கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், நெத்திலிக் கருவாட்டு வாடையோடு. நெடுஞ்சாலை இருபுறமும் வெறிச்சென்று கிடந்தது. ஆலைகளின் புகைபோக்கிகளில் பாதி புகையவில்லை. முப்பது வருஷத்தில் அந்தச் சாலையை நான் அவ்வளவு தனியாகப் பார்த்ததில்லை.

கவரைப்பேட்டையில் மணியின் வேன் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. எங்கள் வண்டி நெருங்கியதும் கிளம்பி, எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போக ஆரம்பித்தது. வழியில் பாய் வேனில் ஏறிக்கொண்டார். பின்கண்ணாடியில் அவருடைய தொப்பியும் ஸ்டெல்லாவின் துப்பட்டாவும் தெரிந்தன. நேரமாகிறதே, வேகமாகப் போகலாமே என்று நினைத்தேன். போகவில்லை. என் வண்டி பின்தங்கினால் அதுவும் தங்கியது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், வேன் இரைச்சல் கேட்டது.

"சார், காத்து வருதா?" என்றாள் ஸ்டெல்லா.

"காத்துதான் வருது. கருவாட்டையும் கொண்டுவருது."

"வாங்கி மோந்துக்குங்க சார், நமக்கு அதான் கொடுப்பினை," என்று பாய் சிரித்தார்.

சோதனைச் சாவடி வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள். பாயின் பேரன் போனில் பாடம் படிக்கிறான், டீச்சரையே மியூட் பண்ணிவிட்டான். ஸ்டெல்லா ஞாயிறு பூசையை டிவியில் பார்க்கிறாள், முழங்கால் போடுவதா சோபாவில் உட்காருவதா என்று வீட்டில் சண்டை. நான் அதிகம் பேசவில்லை. எதிர்க்காற்றில் பேச்சு நிற்காது. கொஞ்ச நேரம் என் பக்கம் சத்தமே இல்லாமல் போயிற்று.

"சார்?" ஸ்டெல்லாவின் குரல் மாறியிருந்தது. பின்கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, கண்ணாடியோடு ஒட்டி. "சார், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றேன். கேட்டதோ என்னவோ. கையைத் தூக்கிக் காட்டினேன்.